எரிபொருள் உட்செலுத்தி வால்வு: வரலாறும் செயல்பாடும்

எரிபொருள் உட்செலுத்தி வால்வு என்பது டீசல், பெட்ரோல் போன்ற எரிபொருளை உரிய அளவில், உரிய நொடியில், நுண்ணிய தூவலாக எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி ஆகும். பட்டறைகளில் இது இன்ஜெக்டர் என்றும், டீசல் எஞ்சின்களில் இதன் முனைப்பகுதி நாசில் என்றும் வழங்கப்படுகிறது. கைக்குள் அடங்கும் இக்கருவி இன்றைய நிலையை அடைய ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

உள்ளெரி எஞ்சினின் வரலாற்றைச் சொல்லும்போது பிஸ்டன், சிலிண்டர், தீப்பொறி ஆகியவற்றையே பெரும்பாலும் சொல்வது வழக்கம். ஆனால் எஞ்சினை உருவாக்கியவர்களை மிகுதியும் அலைக்கழித்தது வேறொன்று. எரிபொருளை எரிப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. அதை அளந்து கொடுப்பதுதான் கடினமாக இருந்தது. எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு காற்றிடமிருந்து இயந்திர உறுப்புக்கும், அதனிடமிருந்து மின்சுற்றுக்கும், இறுதியில் கணினி நிரலுக்கும் கைமாறியதே இவ்வால்வின் வரலாறு எனலாம்.

அளவின் நுட்பம்

இந்தச் சிக்கலை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 15 கிலோமீட்டர் ஓடும் நான்கு சிலிண்டர் கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது 4 லிட்டர், அதாவது 4,000 மில்லி லிட்டர் பெட்ரோலைச் செலவிடும். அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றுகிறது என்க. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிபொருள் வேண்டும். எனவே ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 1,000 முறை, நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து 4,000 முறை, ஒரு மணி நேரத்தில் 2,40,000 முறை எரிபொருள் செலுத்தப்பட வேண்டும்.

4,000 மில்லி லிட்டரை 2,40,000 ஆல் வகுத்தால் ஒரு மில்லி லிட்டரின் அறுபதில் ஒரு பங்கு கிடைக்கும். ஒரு மில்லி லிட்டர் நீரில் ஏறத்தாழ இருபது சொட்டுகள் இருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் செலுத்தப்படுவது ஒரு சொட்டின் மூன்றில் ஒரு பங்கே. இந்தச் சிறு அளவிலும் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது. கூடினால் எரியாத எரிபொருள் புகையாக வெளியேறும். குறைந்தால் எஞ்சின் திணறும்.

டீசல் எஞ்சினில் நேரமும் சேர்ந்து நெருக்குகிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 30 மில்லி விநாடி. அதில் எரிபொருள் செலுத்தக் கிடைப்பது ஏறத்தாழ 2 மில்லி விநாடி மட்டுமே. ஒரு முறை கண் இமைப்பதற்குள் இத்தகைய வேலையை ஐம்பது முறை செய்துவிடலாம். அந்த 2 மில்லி விநாடிக்குள் வால்வு திறந்து, தூவி, ஒரு துளியும் ஒழுகாமல் மூடிக்கொள்ள வேண்டும்.

ருடால்ஃப் டீசலும் காற்றழுத்த முறையும்

ருடால்ஃப் டீசல் 1858 ஆம் ஆண்டு பாரிசில் பிறந்த செருமானியர். மியூனிக்கில் கார்ல் வான் லிண்டேயிடம் வெப்பவியல் பயின்றவர். நிலக்கரியின் ஆற்றலில் பெரும்பகுதியை நீராவி எஞ்சின்கள் வீணாக்குவதைக் கண்ட அவர், காற்றை மிகுதியாக அழுத்தினால் அது எரிபொருளைத் தானே பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகும் என்ற கருத்தின் மீது புதிய எஞ்சின் ஒன்றைத் திட்டமிட்டார். இதற்கான செருமானியக் காப்புரிமை 1893 ஆம் ஆண்டு வழங்கப்பட்டது.

கருத்து தெளிவாக இருந்தது. செயலில்தான் தடை வந்தது. அழுத்தப்பட்ட காற்று நிறைந்த சிலிண்டருக்குள் எரிபொருளைச் செலுத்த, அந்தக் காற்றின் அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தம் வேண்டும். ஆக்ஸ்புர்க் எந்திரத் தொழிற்சாலையில் 1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் சோதனை நடந்தது. எரிபொருள் உள்ளே சென்றதும் அழுத்தம் சுமார் 80 பார் அளவுக்கு எகிறி, அழுத்தத்தைப் பதிவு செய்யும் கருவி வெடித்துச் சிதறியது. எரிபொருள் தானே பற்றும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அதை அளவோடு செலுத்தும் வழி டீசலிடம் இல்லை.

நீர்மத்தை நேரடியாகப் பீய்ச்சும் அளவுக்குத் துல்லியமான பம்ப்பை அன்றைய கடைசல் பட்டறைகளால் செய்ய இயலவில்லை. டீசல் வேறு வழியை நாடினார். தனியொரு காற்றழுத்தி மூலம் சிலிண்டரில் உள்ளதைவிட மிகுந்த அழுத்தத்தில் காற்றைச் சேமித்து, அந்தக் காற்றைக் கொண்டு எரிபொருளை உள்ளே ஊதச் செய்தார். காற்று எரிபொருளைச் சிதறடித்து நன்கு கலக்கவும் செய்தது. இதுவே காற்றழுத்த உட்செலுத்தல் எனப்பட்டது.

1897 பிப்ரவரி 17 அன்று மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் இவ்வெஞ்சினை முறைப்படி சோதித்தார். அதன் பயனுறுதிறன் 26.2 விழுக்காடு எனக் கண்டறியப்பட்டது. நீராவி எஞ்சின்கள் எட்ட முடியாத அளவு அது.

ஆயினும் காற்றழுத்திக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பல கட்டங்களாகக் காற்றை அழுத்தும் அந்தக் கருவி பருமனானது, அடிக்கடி பழுதாவது, எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதியைத் தானே விழுங்குவது. மின்நிலையத்துக்கும் கப்பலுக்கும் இது பொருந்தியது. 1912 இல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குப் புறப்பட்ட செலாண்டியா என்ற டேனிசுக் கப்பல் இத்தகைய எஞ்சின்களால் கடல் கடந்தது. ஆனால் ஒரு லாரியில் ஏற்றும் அளவுக்கு எஞ்சினைச் சுருக்குவதற்குக் காற்றழுத்தி இடம் தரவில்லை. பணச் சிக்கலில் ஆழ்ந்திருந்த டீசல் 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலில் காணாமற்போனார். தம் பெயர் தாங்கிய எஞ்சின் சாலையில் ஓடுவதை அவர் காணவில்லை.

காற்றின்றிச் செலுத்துதல்

காற்றின் துணையின்றி எரிபொருளைப் பம்ப் மூலம் பீய்ச்சும் முயற்சி டீசலுக்கு முன்பே தொடங்கியிருந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டூவர்ட் 1890 இல் காப்புரிமை பெற்ற எஞ்சினில், சூடான உலோகக் குமிழ் ஒன்றுக்குள் எண்ணெய் நேரடியாகச் செலுத்தப்பட்டது. தொடக்கத்தில் ஊது விளக்கால் குமிழைச் சூடாக்க வேண்டும். பிறகு எரிதலின் வெப்பமே அதைச் சூடாக வைத்திருக்கும். கிரந்தம் நகரின் ஹார்ன்ஸ்பி நிறுவனம் 1892 முதல் இவற்றைச் செய்து விற்றது. இதில் காற்றின் அழுத்தம் குறைவு. ஆகவே பம்ப்பின் வேலையும் எளிதாயிருந்தது. எஞ்சினின் திறனும் டீசல் எஞ்சினைவிடக் குறைவாகவே இருந்தது. இருவரில் யார் முன்னோடி என்ற வாதம் நெடுங்காலம் நீடித்தது. அழுத்தத்தால் பற்றவைக்கும் உயர்திறன் எஞ்சின் டீசலுடையது. காற்றின்றிச் செலுத்தும் வழியில் முந்தியவர் ஸ்டூவர்ட் எனக் கொள்வதே பொருத்தம்.

1910 அளவில் விக்கர்ஸ் கப்பல் கட்டும் நிறுவனத்தின் ஜேம்ஸ் மெக்கெக்னி, உயர் அழுத்தத்தில் நீர்மத்தை மட்டும் செலுத்தும் முறையை வகுத்தார். நீர்மூழ்கிக் கப்பல்களில் இடம் மிச்சப்பட வேண்டியிருந்ததால் இம்முறைக்கு அங்கே தேவை இருந்தது.

பெய்ரூட்டில் பிறந்த பொறியாளரான பிராஸ்பர் லொராஞ்சு செருமனியின் பென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். அவர் 1909 இல் முன்னறை முறைக்குக் காப்புரிமை பெற்றார். சிலிண்டருக்கு மேலே உள்ள சிற்றறையில் எரிபொருளைத் தூவினால், அங்கே தொடங்கும் எரிதலே மீதியைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். இதனால் பம்ப்புக்குத் தேவையான அழுத்தம் குறைந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஊசி முனை கொண்ட நாசிலையும், எரிபொருள் அளவை மாற்றக்கூடிய பம்ப்பையும் அவர் மேம்படுத்தினார். 1923 இல் பென்ஸ் நிறுவனத்தின் டீசல் லாரி உருவானது.

பாஷ் பம்ப்பும் ஊசி வால்வும்

ஒவ்வொரு எஞ்சின் நிறுவனமும் தனக்கான பம்ப்பைத் தானே செய்துகொண்டிருந்த நிலையை மாற்றியவர் ஷ்டுட்கார்ட்டின் ராபர்ட் பாஷ். பெட்ரோல் எஞ்சின்களுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவால் வளர்ந்தது அவருடைய தொழில். தீப்பொறியே தேவைப்படாத டீசல் எஞ்சின் பரவினால் அத்தொழிலுக்கு இடம் குறையும். 1922 இறுதியில் டீசல் பம்ப் உருவாக்கும் பணி தொடங்கியது. 1927 இல் தொடர் உற்பத்திக்கு வந்தது.

இந்தப் பம்ப்பின் கருத்து நேர்த்தியானது. உருளைக்குள் மேலும் கீழும் நகரும் தண்டின் பக்கத்தில் சாய்வான காடி ஒன்று வெட்டப்பட்டிருக்கும். தண்டு எப்போதும் ஒரே தூரம்தான் நகரும். ஆனால் காடி, உருளையின் பக்கத் துளைக்கு நேராக வந்ததும் அழுத்தம் கசிந்து எரிபொருள் செல்வது நின்றுவிடும். தண்டைச் சற்றே திருகினால் காடி முன்னதாகவோ பின்னதாகவோ துளையை எட்டும். அதாவது மேலும் கீழும் நகர்வது எரிபொருளைத் தள்ளுகிறது. திருகுவது அளவை முடிவு செய்கிறது. ஓட்டுநர் அழுத்தும் ஆக்சிலரேட்டர், பற்கள் கொண்ட ஒரு சட்டத்தின் வழியாகத் தண்டுகள் அனைத்தையும் ஒன்றாகத் திருப்புகிறது.

பம்ப்பிலிருந்து வரும் எரிபொருள் உறுதியான எஃகுக் குழாய் வழியே நாசிலை அடைகிறது. நாசிலில் ஓர் ஊசியை வலிய சுருள்வில் கீழே அழுத்திப் பிடித்திருக்கும். எரிபொருளின் அழுத்தம் ஊசியின் தோள்பகுதியில் பட்டு வில்லின் விசையை மிஞ்சியதும் ஊசி உயர்கிறது. நுண்துளைகள் வழியே எரிபொருள் தூவப்படுகிறது. பம்ப்பில் அழுத்தம் இறங்கியதும் வில் ஊசியைத் தள்ளி மூடிவிடுகிறது. இங்கு வால்வுக்கென்று தனி முடிவு எதுவும் இல்லை. பம்ப் சொல்வதை அது அப்படியே நிறைவேற்றுகிறது.

இவ்வமைப்பின் உயிர்நாடி உலோக வேலைப்பாட்டின் துல்லியம். தண்டுக்கும் உருளைக்கும் இடையே உள்ள வெளி ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கே. ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட இணைகள் என்பதால் ஒன்றின் தண்டை மற்றொன்றின் உருளையில் பொருத்தக் கூடாது. வடிகட்டியைத் தாண்டி வரும் சிறு தூசியும் இவற்றைக் கீறிவிடும். ஊசி சரியாக அமராமல் ஒழுகினால் பின்னால் கரும்புகை வரும். லாரி ஓட்டுநர்கள் இன்றும் டீசல் வடிகட்டியைக் குறித்துக் கவலைப்படுவதன் காரணம் இதுவே.

இந்தப் பம்ப் கிடைத்த பின்னர் டீசல் லாரிகள் விரைவாகப் பெருகின. 1936 இல் மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி, தொடர் உற்பத்திக்கு வந்த முதல் டீசல் கார்களுள் ஒன்றாக வெளிவந்தது.

கார்புரேட்டரும் வான்போரும்

பெட்ரோல் எஞ்சின்கள் இதே காலத்தில் வேறு வழியில் சென்றன. அவற்றில் கார்புரேட்டரே எரிபொருளை அளந்தது. எஞ்சின் உறிஞ்சும் காற்று குறுகிய கழுத்து வழியே விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது; மிதவைத் தொட்டியில் உள்ள பெட்ரோல் நுண்துளை வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. எளியது, மலிவானது, ஒரு திருப்புளியால் சரிசெய்யத் தக்கது. ஆனால் தொட்டியில் பெட்ரோல் மட்டம் நிலையாக இருந்தால்தான் இது ஒழுங்காக இயங்கும். அந்த மட்டத்தை நிலைநிறுத்துவது புவியீர்ப்பு. புவியீர்ப்பின் திசை மாறினாற்போன்ற நிலை ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதை 1940 இன் வான்போர் காட்டியது.

செருமனியின் மெசெர்ஷ்மிட் 109 போர் விமானத்தில் டைம்லர்-பென்ஸ் டிபி 601 எஞ்சின் இருந்தது. அதில் பெட்ரோல் பம்ப் மூலம் சிலிண்டர்களுக்குள் நேரடியாகச் செலுத்தப்பட்டது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினில் கார்புரேட்டர் இருந்தது. செருமானிய விமானி ஆபத்தில் சிக்கினால் மூக்கைச் சட்டென்று கீழே தாழ்த்திப் பாய்வார். பின்தொடரும் பிரிட்டன் விமானி அதையே செய்தால், மிதவைத் தொட்டியிலிருந்த பெட்ரோல் மேற்புறம் எழும்பிவிடும். எஞ்சின் ஒரு கணம் பட்டினி கிடக்கும். அடுத்த கணம் அளவுக்கு மீறிய பெட்ரோல் பாய்ந்து மூச்சுமுட்டும். துப்பாக்கி முனையில் இருந்த எதிரி அதற்குள் தப்பிவிடுவார். இதைத் தவிர்க்க விமானத்தை முதலில் தலைகீழாகப் புரட்டிப் பின்னர் பாய வேண்டியிருந்தது. அதில் சில விநாடிகள் கழிந்தன.

ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வு நிலையத்தின் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் இதற்குத் தீர்வு கண்டார். அவர் மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் பெயர் பெற்றவர். எஞ்சினின் உச்சத் தேவைக்கு ஏற்ற அளவு பெட்ரோலை மட்டுமே அனுமதிக்கும் துளை கொண்ட சிறிய உலோகத் தடுப்பு ஒன்றை அவர் வடிவமைத்தார். பெட்ரோல் வெள்ளமாகப் பாய்வதை அது தடுத்தது. விமானங்களைப் பணியிலிருந்து விலக்காமலே இதைப் பொருத்த முடிந்தது. 1941 தொடக்கத்தில் ஷில்லிங்கும் குழுவினரும் விமானத்தளம் விமானத்தளமாகச் சென்று இதைப் பொருத்தினர். இது முழுத் தீர்வு அன்று; தலைகீழாகத் தொடர்ந்து பறக்க இது உதவாது. அதற்கு அழுத்தத்தால் பெட்ரோலைத் தூவும் புதுவகைக் கார்புரேட்டர்கள் பின்னர் வந்தன.

இதைக் கொண்டு கார்புரேட்டரைத் தேர்ந்தவர்கள் அறியாதவர்கள் என முடிவு கட்டுவது தவறு. சிலிண்டருக்கு வெளியே பெட்ரோல் ஆவியாகும்போது காற்றுக் கலவை குளிர்கிறது. குளிர்ந்த கலவையை மிகுதியாக உள்ளே திணிக்கலாம். அதனால் ஆற்றல் கூடும். மெர்லின் எஞ்சின் இந்த நன்மையைப் பெற்றது. ஒவ்வோர் அளவை முறைக்கும் அதற்கான ஆதாயமும் இழப்பும் உண்டு.

போர் முடிந்தபின் நேரடிச் செலுத்தல் கார்களுக்கு வந்தது. 1954 இல் அறிமுகமான மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்எல், பெட்ரோலை நேரடியாகச் செலுத்தும் நான்கு வீச்சு எஞ்சினுடன் தொடர் உற்பத்திக்கு வந்த முதல் கார். அதன் பம்ப் எஞ்சினோடு இணைந்து சுழல்வது. எனவே சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் சுழன்று ஓயும் வரை பெட்ரோல் உள்ளே சென்றுகொண்டே இருக்கும். எரியாத அப்பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. எஞ்சினுக்கு இனி எரிபொருள் தேவையில்லை என்பதைப் பம்ப்புக்குச் சொல்ல வழி இல்லை. இயந்திர முறையின் எல்லை இங்கே தெரிந்தது.

மின்காந்த வால்வு

அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957 இல் எலக்ட்ரோஜெக்டர் என்ற மின்னணு முறையை அறிவித்தது. கிரைஸ்லர் நிறுவனம் தன் 1958 ஆம் ஆண்டுக் கார்களுள் சுமார் 35 கார்களில் மட்டுமே இதைப் பொருத்தியது. அன்றைய மின்னணு உறுப்புகள் எஞ்சின் அறையின் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கவில்லை. பெரும்பாலான கார்களுக்குக் கார்புரேட்டரே மீண்டும் பொருத்தப்பட்டது. கருத்து சரியாக இருந்தும் உறுப்புகள் பக்குவப்படாததால் முயற்சி தோற்றது. டீசலின் முதல் பம்ப்புக்கு நேர்ந்ததும் இதுவே.

பெண்டிக்சின் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்ற பாஷ் நிறுவனம், 1967 இல் டி-ஜெட்ரானிக் முறையை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வெளியிட்டது. இதன் வால்வில் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் சுருள் காந்தமாகி ஊசியை மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே உயர்த்தும். மின்சாரம் நின்றதும் வில் ஊசியை மூடும். பெட்ரோலின் அழுத்தம் எப்போதும் ஒரே நிலையில் வைக்கப்படுவதால், வால்வு திறந்திருக்கும் கால அளவே எரிபொருளின் அளவு ஆகிறது. இருமடங்கு நேரம் திறந்தால் ஏறத்தாழ இருமடங்கு எரிபொருள். கன அளவை அளக்கும் கடினமான வேலை, நேரத்தை அளக்கும் எளிய வேலையாக மாறியது. வால்வின் வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம்.

எவ்வளவு நேரம் திறப்பது என்பதை ஒரு மின்சுற்று முடிவு செய்தது. காற்றுக் குழாயின் அழுத்தம், எஞ்சினின் வேகம், வெப்பநிலை ஆகியவற்றை உணரிகள் அதற்குத் தெரிவித்தன. இன்றைய நுண்செயலி எதுவும் அதில் இல்லை. டிரான்சிஸ்டர்களும் மின்தேக்கிகளுமே இருந்தன.

புகைப்பனியும் ஆக்சிசன் உணரியும்

விலை கூடிய இம்முறை பரவக் காரணமாக இருந்தது லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைப்பனி. கண்ணை எரிக்கும் அந்தப் புகைப்பனி, வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் வாயுக்கள் வெயிலில் வினைபுரிவதால் உண்டாகிறது என்பதை 1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் விளக்கினார். கலிபோர்னியாவும் பின்னர் அமெரிக்கா முழுவதும் வாகனப் புகைக்கு வரம்பு விதித்தன.

நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கி மாற்றி அதற்கு விடையாக வந்தது. மூவகை நச்சு வாயுக்களையும் ஒருசேர மாற்ற, ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற விகிதம் சிறிதும் பிறழாமல் இருக்க வேண்டும். மிதவைத் தொட்டியால் இதைச் செய்ய இயலாது. 1976 இல் வால்வோ கார்களில் புகைக்குழாயில் எஞ்சியுள்ள ஆக்சிசனை அறியும் லாம்டா உணரி பொருத்தப்பட்டது. புகையில் ஆக்சிசன் மிகுந்தால் அடுத்த முறை எரிபொருள் சற்றுக் கூட்டப்படும். குறைந்தால் சற்றுக் குறைக்கப்படும். ஒவ்வொரு விடைத்தாளையும் திருத்திப் பார்த்து அடுத்த பாடத்தை நடத்துவது போன்றது இது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் ஏறத்தாழ மறைந்துவிட்டது.

பொது எரிபொருள் குழாய் முறை

டீசல் எஞ்சினில் இம்மாற்றம் தாமதமாகவே வந்தது. அழுத்தம் மிகுதி என்பதால் மின்காந்தத்தால் நேரடியாக ஊசியை உயர்த்துவது அரிது. காமன் ரயில் எனப்படும் பொது எரிபொருள் குழாய் முறை இதற்கு வழி கண்டது. இதில் பம்ப் அளப்பதில்லை. ஒரு தடித்த குழாயில் எப்போதும் உயர் அழுத்தத்தை நிரப்பி வைப்பது மட்டுமே அதன் வேலை. ஊசியின் மேலும் கீழும் அதே அழுத்தம் இருப்பதால் அது மூடியே இருக்கும். மின்காந்தம், ஊசிக்கு மேலே உள்ள சிற்றறையின் சிறு துளையை மட்டும் திறக்கிறது. மேலழுத்தம் கசிந்து குறைந்ததும் கீழே உள்ள எரிபொருளின் அழுத்தமே ஊசியைத் தூக்கிவிடுகிறது. பெரிய மதகைத் திறக்கச் சிறு கதவு ஒன்றைத் திறந்தால் போதும் என்ற நிலை.

இம்முறை 1995 இல் சப்பானின் டென்சோ நிறுவனத்தால் ஹினோ லாரிகளில் நடைமுறைக்கு வந்தது. இத்தாலியில் ஃபியட் குழுமம் வளர்த்த முறை பாஷ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, 1997 இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வெளிவந்தது. அப்போது அழுத்தம் 1,350 பார். பின்னர் 2,000 பாரையும் தாண்டியது. 2,000 பார் என்பது ஒரு சதுர சென்டி மீட்டர் பரப்பில் இரண்டு டன் எடையை வைப்பதற்கு ஒப்பாகும்.

எஞ்சினின் சுழற்சியிலிருந்து விடுபட்டதால் வால்வு ஒரே எரிதலுக்குள் பல முறை திறக்க முடிந்தது. முதலில் ஓரிரு கன மில்லி மீட்டர் எரிபொருள் முன்னோட்டமாகத் தூவப்படுகிறது. அது மெல்லப் பற்றிய பின் முதன்மை அளவு செல்கிறது. எரிதல் வெடிப்பாக இல்லாமல் படிப்படியாக நிகழ்வதால் டீசல் எஞ்சினுக்கே உரிய கடகட ஒலி பெருமளவு அடங்கியது.

2015 ஆம் ஆண்டு முறைகேடு

முடிவெடுக்கும் பொறுப்பு கணினி நிரலுக்கு மாறியதன் மறுபக்கம் 2015 செப்டம்பரில் வெளிப்பட்டது. ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் சாலையில் ஓடும்போது ஆய்வகத்தில் காட்டியதைவிடப் பன்மடங்கு நைட்ரசன் ஆக்சைடுகளை வெளியிடுவதை மேற்கு வெர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் கண்டறிந்திருந்தனர். கார் சோதனையில் இருப்பதை உணர்ந்து, அப்போது மட்டும் மாசுக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கும் நிரல் அவற்றில் இருந்தது. சாலையில் சில வேளைகளில் வெளியேற்றம் வரம்பைப் போல் 40 மடங்கு வரை இருந்ததாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் இந்நிரல் இருந்ததை அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இங்கு எந்த வால்வும் பழுதாகவில்லை; எந்த உணரியும் தவறவில்லை. கருவிகள் தமக்கு இடப்பட்ட கட்டளையைத் துல்லியமாக நிறைவேற்றின. கட்டளையே நேர்மையற்றதாக இருந்தது. ஒழுகும் நாசில் கரும்புகையால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நிரலில் ஒளிந்த பிழையைக் கண்டறிய, அளவைக் கருவிகளைக் காரிலேயே ஏற்றி நெடுந்தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்தியாவில்

பாஷ் நிறுவனத்துடன் இணைந்து 1951 இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, மைக்கோ என்ற பெயரால் நாடெங்கும் அறியப்பட்டது. லாரி, பேருந்து, டிராக்டர், இறைவைப் பம்ப்செட் ஆகியவற்றின் டீசல் பம்ப்புகளிலும் நாசில்களிலும் இப்பெயர் பரிச்சயமானது.

தில்லி வட்டாரத்தில் விற்கும் தனியார் கார்களுக்கு யூரோ தரங்களைக் கட்டாயமாக்கி 1999 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதையொட்டிச் சிறு கார்களிலும் பெட்ரோல் உட்செலுத்தல் முறை பரவியது. அக்காலத்துக் கார்களின் பின்புறத்தில் எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துகள் பெருமையோடு ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வால்வு உண்டு என்பதே அதன் பொருள்.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 தரம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது, 100 சிசி மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் பெருமளவில் கார்புரேட்டரைக் கைவிட்டன. தெருமுனைப் பட்டறையில் காதால் ஒலியைக் கேட்டு, திருப்புளியால் அரைச் சுற்றுத் திருகி ஐட்லிங்கைச் சரிசெய்த மெக்கானிக்கின் திறமைக்கு இவ்வண்டிகளில் வேலை குறைவு. பழுது என்ன என்பதை அறியச் செருகிப் படிக்கும் ஸ்கேனர் கருவி வேண்டும். காற்று தூய்மையாவதற்கு இந்த மாற்றம் தேவைதான். புதிய கருவியும் பயிற்சியும் கைக்கெட்டாத சிறு பட்டறைகளே அதன் சுமையைத் தாங்குகின்றன.

டீசல் 1893 இல் ஆக்ஸ்புர்க்கில் தேடியது, ஒரு சிறு அளவு எரிபொருளை உரிய நொடியில் உள்ளே வைக்கும் வழியை மட்டுமே. அந்த வேலையை இன்று ஒவ்வொரு வாகனத்திலும் உள்ள வால்வு மணிக்கு இலட்சக்கணக்கான முறை பிழையின்றிச் செய்கிறது. எவ்வளவு கொடுப்பது என்று அதற்குச் சொல்லும் பொறுப்பு இன்றும் மனிதரிடமே இருக்கிறது.